பச்சை உடம்போடு சாட்ஸ்வொர்த் மேடு ஏறாதீர்கள்: பிரசவத்துக்குப் பின் உடற்பயிற்சி, படிப்படியாக

பிள்ளை பிறந்து பதினெட்டாம் நாள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஜனவரிப் புழுக்கம். அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து ப்ராமைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டேன். எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருப்பவர்களுக்குத் தெரியும், வாசலைத் தாண்டினால் மேடு, இல்லாவிட்டால் பள்ளம். போகும்போது இறக்கம், சுகமாக இருந்தது. திரும்பும்போது வண்டியும் பிள்ளையும் சேர்ந்து என்னைப் பின்னால் இழுத்தன. அன்று சாயங்காலமே, பழுப்பாகிக் குறைந்திருந்த உதிரப்போக்கு மறுபடி செக்கச்செவேலென்று வந்துவிட்டது. “பச்சை உடம்புடி, சொன்னா கேக்குறியா?” என்று அம்மா திட்டினார். கிளினிக் நர்ஸும் அதையேதான் சொன்னார்: கர்ப்பப்பையில் நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடம் இன்னும் ஆறவில்லை.

அந்தச் சிவப்புதான் உங்கள் அளவுகோல். உதிரம் கூடினாலோ மறுபடி சிவந்தாலோ, நேற்றுச் செய்தது அதிகம் என்று அர்த்தம். இரண்டு நாள் ஓய்வெடுத்து, பாதியளவில் தொடங்குங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைந்தால், காய்ச்சல் வந்தால், ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தால், மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ கடும் தலைவலியோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

முதல் படி: மூச்சு

சுகப்பிரசவமானால் அடுத்த நாளே படுக்கையில் தொடங்கலாம். சிசேரியன் என்றால் சிறுநீர்க்குழாயை எடுத்த பிறகு. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். மூச்சை இழுக்கும்போது வயிறு தளரட்டும். விடும்போது, நாலு பேர் நடுவில் வாயுவை அடக்குவோமே, அப்படி அடியிலிருந்து உள்ளிழுத்து மேலே தூக்குங்கள். கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தாங்கும் தசை இது. மூன்று விநாடி பிடித்து, முழுசாகத் தளர விடுங்கள். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. தொடை இறுகினால், மூச்சு நின்றால், தப்பாகச் செய்கிறீர்கள். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழக வேண்டாம்.

வயிற்றில் பழைய பருத்திச் சேலை கட்டும் பழக்கம் எங்கள் வீட்டிலும் உண்டு. தளர்வாக, தாங்கலுக்குக் கட்டினால் நான் மறுக்கமாட்டேன். இறுக்கிக் கட்டினால் அழுத்தமெல்லாம் கீழேதான் இறங்கும்.

இரண்டாம் படி: சமதளத்தில் நடை

முதலில் வீட்டுக்குள். பிறகு பத்து நிமிடம் வெளியே, சில நாளுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கூட்டலாம். மேட்டுத்தெரு வேண்டாம், யாரையாவது கடற்கரை நடைபாதையில் கொண்டுபோய் விடச் சொல்லுங்கள். வெயில் தாங்காவிட்டால் ஏசி போட்ட மால் போதும். சிசேரியன் ஆனவர்கள் ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழுங்கள். ஆறு வாரம் வரை பிள்ளையைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது.

இந்த நாட்டுச் சட்டமே, டாக்டரோ மருத்துவச்சியோ எழுதிக் கொடுத்தாலொழிய, பிரசவமானவளை ஆறு வாரத்துக்கு வேலைக்கு விடாது. ஈரத்துணிக் கூடை அந்தச் சட்டத்தில் வராது. அதை வீட்டில் நீங்கள்தான் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

மூன்றாம் படி: ஆறு வாரத்துக்குப் பிறகு

பிள்ளையின் ஆறாவது வாரத் தடுப்பூசிக்குப் போகும்போது உங்களையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பிறகு வீட்டில் ஒரு சோதனை: முழங்காலை மடக்கிப் படுத்து, தொப்புளுக்கு மேல் விரல்களைக் குறுக்காக வைத்து, தலையை மட்டும் தூக்குங்கள். வயிற்றுத்தசைகளுக்கு நடுவில் பள்ளம் தட்டுப்படும். எட்டு வாரத்துக்குப் பிறகும் அது இரண்டு விரலுக்கு மேல் அகலமாக இருந்தால் பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள்.

எனக்கு மூன்று விரல். அதனால் குப்புறத் தாங்கிநிற்கும் பயிற்சிகளையும், படுத்து எழும் வயிற்றுப் பயிற்சிகளையும் ஒதுக்கிவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, படுத்து இடுப்பைத் தூக்குவது, ஒவ்வொன்றும் பத்து முறை, இரண்டு சுற்று. எழும்போது, தள்ளும்போது மூச்சை வெளியே விடுங்கள். நடுவயிறு கூம்பு மாதிரி எழும்பினால் அன்றைக்கு அது போதும்.

நான்காம் படி: ஓட்டம்

பன்னிரண்டு வாரத்துக்கு முன் வேண்டாம். அதற்குப் பிறகும், முப்பது நிமிட நடை, ஒற்றைக்காலில் பத்து விநாடி நிற்றல், நின்ற இடத்தில் ஒரு நிமிட ஓட்டம், ஒவ்வொரு காலிலும் பத்துத் துள்ளல்: இத்தனையும் வலியோ சிறுநீர்க் கசிவோ கீழே கனப்போ இல்லாமல் முடிந்தால்தான். கசிவு சகஜம், பேட் வைத்துக்கொண்டு ஓடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது பயிற்சியால் பெரும்பாலும் சரியாகும்.

ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி ஐந்து சுற்றில் தொடங்குங்கள். டர்பன் நார்த் பீச்சில் சனிக்கிழமை காலை நடக்கும் பார்க்ரன் என்ற பொது ஓட்டம் 5 கி.மீ., காசு கிடையாது, நடந்தே முடிக்கலாம். கடைசியாக வருகிறவருக்குத் துணையாக எப்போதும் ஒருவர் நடப்பார்; என் முதல் பார்க்ரன் முழுக்க அவரோடு பேசிக்கொண்டேதான் போனேன்.

மிதமான பயிற்சியால் பால் வற்றாது. ஆனால் கிளம்புமுன் பால் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். நான் கொடுக்காமல் போன அன்று, இரண்டாவது கிலோமீட்டரிலேயே சட்டை நனைந்துவிட்டது.