பாட்டுக்குப் பெயர் வெட்டும் மென்பொருள்: தேர்வில் நடக்கும் தவறுகள்

தேவகோட்டை வீட்டின் இரண்டாங்கட்டு அலமாரியில் கிடந்த கேசட்டுகளைக் கணினியில் ஏற்றி முடிக்க எங்களுக்கு இரண்டு வருடம் ஆனது. கோயில் கச்சேரி, கல்யாண நாகசுரம், சினிமாப் பாட்டு, நடுவில் அப்பத்தா பாடிய தாலாட்டு ஒன்று. ஆறாயிரத்துச் சொச்சம் கோப்புகள். பட்டியல் போட ஏதோ ஒரு மென்பொருளை இறக்கினோம். அதில் தானாகப் பெயர் கண்டுபிடிக்கும் பொத்தான் இருந்தது. மகன் தட்டிவிட்டு, "முடிஞ்சிருச்சு அப்பச்சி" என்றான். போய்ப் பார்த்தால் அப்பத்தா தாலாட்டுக்கு யாரோ ஒரு ஐரோப்பிய நடனக்குழுவின் பெயர் ஏறியிருந்தது, அட்டைப் படத்தோடு.

அந்தப் பொத்தானை நம்பி மென்பொருளைத் தேர்ந்தெடுத்ததுதான் எங்கள் முதல் தவறு. பாட்டின் ஒலியையோ, இருக்கிற தலைப்பையும் நீளத்தையுமோ வைத்து, மியூசிக்பிரெய்ன்ஸ் போன்ற பொதுத் தகவல் களஞ்சியத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அதன் வேலை. கடையில் விற்ற சினிமா சிடிக்கு நன்றாகவே உதவும். வீட்டில் பதிந்த பாட்டு அங்கே எப்படி இருக்கும்? இல்லை என்று சொல்லிவிட்டால் பரவாயில்லை. சில மென்பொருள்கள் கிட்டத்தட்டப் பொருந்துவதை எடுத்து ஒட்டிவிடும். கண்டுபிடித்ததை முதலில் காட்டிவிட்டு, நாம் சேமி என்று சொன்ன பிறகே கோப்பைத் தொடுகிற மென்பொருளாகப் பாருங்கள். மியூசிக்பிரெய்ன்ஸின் பிக்கார்டு அப்படித்தான்.

அடுத்தது இதைவிடப் பெரிய தவறு. எங்கள் பக்கம் சீர்ப் பாத்திரத்தைப் பெயர் வெட்டாமல் கொடுக்க மாட்டார்கள். சாமான் நோட்டு தொலைந்தாலும் தவலை யாருடையது என்று தவலையே சொல்லும். பாட்டுக் கோப்புக்கும் அப்படி ஒரு இடம் உண்டு, டேக் என்பார்கள். சில மென்பொருள்கள் நாம் அடிக்கும் விவரத்தை அந்த டேக்கில் எழுதும். சில, மென்பொருளுக்குள் இருக்கும் தன் நோட்டில் மட்டும் குறித்துக்கொள்ளும். திரையில் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். மென்பொருளை மாற்றும் நாளில்தான் கோப்பு மொட்டையாக நிற்பது தெரியவரும். சோதிப்பது சுலபம்: ஒரு பாட்டின் விவரத்தை மாற்றி, அந்தக் கோப்பை மட்டும் போனுக்கு அனுப்பி வேறொரு செயலியில் திறந்து பாருங்கள். நட்சத்திர மதிப்பீடும் பிளேலிஸ்ட்டும் பல இடங்களில் நோட்டோடுதான் நிற்கும். அவற்றை வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். இணையத்தில் பாட்டைச் சேர்த்துவைக்க இடம் தந்த கூகுள் பிளே மியூசிக்கே 2020இல் கடையைக் கட்டியது.

பாடகர், ஆல்பம், பாட்டு என்ற மூன்று கட்டத்தில் நம் இசை அடங்காது. கச்சேரி என்றால் ராகம், தாளம், இயற்றியவர், வயலின், மிருதங்கம். சினிமா என்றால் பாடியவரைவிட இசையமைப்பாளரையும் கவிஞரையும் வைத்துத்தான் பாதிப் பேர் தேடுகிறோம். ஆகவே சொந்தமாகக் கட்டம் சேர்க்க முடிகிறதா என்பது முக்கியம். ஃபூபார்2000, மியூசிக்பீ, எம்பி3டேக் மூன்றிலும் முடியும். ஐடியூன்ஸில் முடியாது, ராகத்தைக் குறிப்புக் கட்டத்தில்தான் திணிக்க வேண்டும்.

பெயர் விஷயத்தில் இன்னொரு சிக்கல். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் ஊர் இது, ஒரே வளவில் மூன்று பேர் ஒரே பெயரில் இருப்பார்கள். பெயருக்கு முன்னால் வரும் விலாச எழுத்துகள்தான் பிரித்துக் காட்டும். மிருதங்கக் கட்டத்தில் 'மணி' என்று மட்டும் அடித்தால் அது பாலக்காடு மணி ஐயரா, காரைக்குடி மணியா? எங்கள் பட்டியலில் இருவரும் சில மாதம் ஒரே ஆளாக இருந்தார்கள். நூறு கோப்பில் ஒரே அடியில் பெயரைத் திருத்த வசதி இல்லாத மென்பொருளை அன்றைக்கே மூடிவிடுங்கள்.

தமிழில் அடித்தால் தெரிகிறதே, போதும் என்று இருந்துவிடாதீர்கள். எம்பி3 கோப்பில் 1996இல் வந்த பழைய டேக் முறையில் பெயருக்கு 30 பைட்தான் இடம். யூனிகோடைக் கோப்பில் எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். மெய்க்குப் புள்ளி, உயிர்மெய்க்குக் கொம்பு, எல்லாம் தனிக்குறி. கணக்குப் பார்த்தால் 'சுப்புலட்சுமி' அங்கே 'சுப்புலட்ச' என்று நின்றுவிடும். பல மென்பொருள்கள் அதுவும் இல்லாமல் வெறும் கேள்விக்குறியாக அடுக்கும். அதற்குப் பின் வந்த முறையான ஐடி3வி2 டேக்கை யூனிகோடில் எழுதுகிறதா என்று அமைப்புப் பக்கத்தில் பார்த்துவிடுங்கள். பழைய டாம், டாப் எழுத்துருவில் யாராவது பெயர் அடித்து வைத்திருந்தால் அதை முதலில் யூனிகோடுக்கு மாற்றாமல் எதிலும் ஏற்ற வேண்டாம்.

ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வேவ் (WAV) கோப்பில் டேக்கை மென்பொருளுக்கு ஒரு விதமாகப் படிக்கிறார்கள். ஃபிளாக் (FLAC) வகைக் கோப்பாக மாற்றிவிட்டால் ஒலித்தரம் குறையாது, கட்டத்துக்கு நீங்கள் விரும்பிய பெயரும் வைக்கலாம்.

கோப்புறையைத் தானே ஒழுங்குபடுத்தும் வசதி பார்க்க அழகாக இருக்கும். முதல் நாளே அணைத்துவிடுங்கள். கேசட் வாரியாக அடுக்கி வைத்ததைக் கலைத்து, பாடகர் பெயர் இல்லாததையெல்லாம் ஒரே குப்பையாகக் கொட்டிவிடும். வெளி ஹார்டு டிஸ்க்கில் வைத்திருப்பவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்: விண்டோஸில் இன்று 'ஈ' என்று வந்த டிஸ்க் நாளை 'எஃப்' என்று வரலாம். அன்றைக்குப் பட்டியல் முழுக்கக் கோப்பைக் காணோம் என்று நிற்கும். டிஸ்க்கை வேறு எழுத்தில் செருகிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

நாங்கள் இரண்டாம் முறை ஆறாயிரத்தையும் கொட்டவில்லை. இருபது கோப்பை மட்டும் நகல் எடுத்தோம், எல்லாம் தகராறு பிடித்தவை: முக்கால் மணி நேர ராகம் தானம் பல்லவி, பாடியவர் தெரியாத காவடிச்சிந்து, இரண்டு 'மணி', பெயரே இல்லாத வேவ். மூன்று மென்பொருளில் ஓட்டியதில் இரண்டு அன்று மாலைக்குள் கழிந்தன. நின்றதில் இப்போது அப்பத்தா பெயரை அடித்தால் தாலாட்டு வந்துவிடுகிறது. ராகக் கட்டம் மட்டும் காலி. அத்தை நீலாம்பரி என்கிறார், பாட்டு வாத்தியார் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்.