மாடிப்படிக்கு அடியில் கிடக்கும் சைக்கிளில் முட்டுக்காடு வரை

இருபது வருஷம் கழித்து மறுபடி சைக்கிள் மிதிக்க ஆசை, எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். மாடிப்படிக்கு அடியில் ஈரத்துண்டு காயப்போடும் கொடியாக ஒன்று நிற்கிறதே, அதை வெளியே எடுங்கள்.

முதலில் ஓவராயில், அதாவது எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டு மாட்டுவது. கடைக்காரரிடம் விடும் முன் நீங்களே ஒரு பார்வை பாருங்கள். முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். ஒரு பக்கம் ஒட்டி, அடுத்த சுற்றில் விலகினால் கோட்டம் எடுக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் வெடிப்பு இருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். காற்று நிற்கவில்லை என்றதும் பஞ்சர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். விரலில் எச்சில் தொட்டு வால்வு வாயில் வைத்தால் குமிழ் வருகிறதா? அப்படியென்றால் வால்வுக்குள் இருக்கும் சின்ன ரப்பர் குழாயான வால்டியூப் போயிருக்கிறது, சில ரூபாயில் வேலை முடிந்துவிடும்.

அடுத்து சீட், எல்லோரும் தப்பு செய்யும் இடம். இரண்டு காலும் தரையில் பதிய வேண்டும் என்று தாழ்த்தி வைத்துக்கொள்கிறோம், நானும் அப்படித்தான் வைத்துக்கொண்டு முதல் தடவை சென்னையை அடுத்த முட்டுக்காடு போனேன், திரும்பும்போது முட்டி இரண்டும் மடங்க மறுத்து, கடைசியில் சைக்கிளைக் குட்டியானையில் ஏற்றித்தான் வீடு வந்தேன். சரி, எப்படி வைப்பது? சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள், ஒரு பெடலைக் கீழே கொண்டுவந்து குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும், இடுப்பு சாயக் கூடாது. அதுதான் அளவு. ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிப்பீர்கள், அப்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும். சீட் குழாய் ஃபிரேமுக்குள் இரண்டரை அங்குலமாவது இருக்கட்டும். நிறுத்தும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கிவிடுங்கள், இரண்டு நாளில் பழகிவிடும். வீட்டில் இருப்பது பார் வைத்த சைக்கிள், அதனால் முடியாது என்று பெண்கள் தயங்க வேண்டாம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின்போது பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் பழகினார்கள், லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பார் சைக்கிளிலேயே ஏறினார்கள், பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

முதல் இரண்டு வாரம் தெருவைச் சுற்றி 5 கி.மீ. போதும். அப்புறம் 10, அப்புறம் 15. பக்கத்தில் வருபவரிடம் மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகத்தில் போங்கள். பின்புறம் வலிக்கும். மெத்து மெத்தென்று ஜெல் கவர் வாங்கிப் போட்டால் தீராது, நாலைந்து தடவை ஓட்டினால் தானாகக் குறையும்.

ஐந்தாவது வாரம், ஒரு ஞாயிறு காலை 5 மணிக்குத் திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிளம்புங்கள். ஹெல்மெட் கட்டாயம், பின்னால் சிவப்பு விளக்கும் கட்டாயம், பைபாஸ் பஸ்கள் விடியலில் எந்த வேகத்தில் வரும் என்று சொல்லத் தேவையில்லை. தாகம் எடுக்கும் முன்பே கால் மணிக்கு ஒருமுறை இரண்டு மடக்குத் தண்ணீர். இரண்டு வாழைப்பழம். முட்டுக்காடு பாலம் சுமார் 20 கி.மீ., கியர் இல்லாத பழைய சைக்கிளில் ஒன்றரை மணி நேரம் ஆகும், யாராவது சர்ரென்று முந்திக்கொண்டு போவார்கள், போகட்டும். கால் நன்றாகத்தான் இருக்கிறது, கோவளம் வரை ஒரு எட்டு பார்க்கலாமே என்று தோன்றும். அது முதுகில் காற்று தள்ளுவதால் வரும் தைரியமாகவும் இருக்கலாம், திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் அடிக்கும். பாலத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, ஒரு பக்கம் உப்பங்கழி, மறுபக்கம் கடல், பத்து நிமிஷம் பார்த்துவிட்டு வெயில் ஏறும் முன் திரும்பிவிடுங்கள். வரும் வழியில் இட்லிக்கடை இருக்கிறது.