கொலம்பஸ் டேவை உங்க ஊர்ல பேர் மாத்தணும்னா எங்க ஆரம்பிக்கணும்

அமெரிக்கால அக்டோபர் ரெண்டாவது திங்கள், கொலம்பஸ் வந்து இறங்கினத நினைக்கற ஃபெடரல் (மத்திய அரசு) லீவு, கொலம்பஸ் டேங்கிற அந்தப் பேரை மாத்த காங்கிரஸ் சட்டம் போடணும், அதுக்காக உக்காந்திருந்தா நடக்காது, ஆனா சிட்டி கவுன்சில் தன் ஊருக்கு இண்டிஜினஸ் பீப்பிள்ஸ் டேன்னு, அதாவது கொலம்பஸுக்கு முன்னாடியே அங்க இருந்த பூர்வகுடிகளுக்கான நாள்னு அறிவிக்கலாம். பெர்க்லி 1992லயே பண்ணிடுச்சு, மினியாபொலிஸ், சியாட்டில் 2014ல.

மொதல்ல உங்க ஏரியா யாரோட பூர்வீக நிலம்னு பாருங்க, அந்தப் பழங்குடி கவுன்சில்கிட்ட போய்ப் பேசுங்க. இத விட்டுட்டு நீங்களே தீர்மானம் எழுதிட்டு கடைசில கையெழுத்து மட்டும் கேக்கறது ரொம்ப அசிங்கம். தீர்மானத்துல பொதுவா "பூர்வகுடிகள்"னு மட்டும் போடாம அந்த மக்களோட பேர அவங்க எழுதற மாதிரியே போடுங்க.

அப்புறம் ஒரு கவுன்சில் மெம்பர பிடிங்க, அவர்தான் அஜெண்டால கொண்டு வரணும். வெறும் தீர்மானமா இல்ல ஊர் சட்டமான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க, ஏன்னா பல ஊர்ல தீர்மானம் சும்மா மரியாதைக்குதான், ஊழியர் லீவு காலண்டர்ல ஒரு எழுத்துகூட மாறாது. ஸ்கூல் போர்டு தனி, அங்க தனியா மனு குடுக்கணும்.

மீட்டிங்ல பொதுமக்கள் பேச பெரும்பாலும் ரெண்டு மூணு நிமிஷம்தான், எழுதி வச்சு படிங்க. கொலம்பஸ் இத்தாலியர்ங்கறதால இத்தாலிய அமெரிக்கர்கள் நிறைய பேர் எதிர்ப்பாங்க, அவங்கள வில்லனாக்காதீங்க. 1891ல நியூ ஆர்லியன்ஸ்ல 11 இத்தாலியர்கள ஒரு கும்பல் கொன்னுச்சு, அடுத்த வருஷம்தான் ஜனாதிபதி ஹாரிசன் கொலம்பஸ் நாள் அறிவிச்சார், அவங்களுக்கு அது வெறும் லீவு நாள் இல்ல. இத்தாலிய பாரம்பரியத்துக்கு வேற ஒரு நாள் கேக்கலாம்னு நீங்களே முன்வந்து சொன்னா பாதி சண்டை அங்கயே முடிஞ்சிரும்.