கார் இல்லாத காட்டு ரோடுன்னு நம்பி போறதுக்கு முன்னாடி: சொலோன்ல கிராவல் ஓட்டுறவங்க பண்ற தப்பு

பாரிஸ்ல ஓஸ்தெர்லிட்ஸ் ஸ்டேஷன்ல சைக்கிளோட ட்ரெயின் ஏறினா ஓர்லியான் வர்ற வரைக்கும் வெறும் கோதுமை வயல்தான், தூங்கிடலாம். ஓர்லியான் தாண்டி கொஞ்ச நேரத்துல ஜன்னலுக்கு வெளிய பைன், ஓக், பிர்ச்னு காடு ஆரம்பிக்கும், அதான் சொலோன். லுவார் ஆத்துக்கும் ஷெர் ஆத்துக்கும் நடுவுல தட்டையா கெடக்குற பூமி, அதுக்குள்ள ஏறக்குறைய 3,000 குளம், ஏத்தமே கிடையாது, காரும் அபூர்வம். கிராவல் பைக் (ஜல்லி, மண் பாதைக்குன்னு அகல டயர் போட்ட சைக்கிள்) வச்சிருக்கறவனுக்கு இதுக்கு மேல என்ன வேணும்னு நெனச்சுதான் நானும் முதல் தடவை ஆப்புல 80 கிலோமீட்டருக்கு ஒரு ட்ராக் போட்டு எடுத்துட்டுப் போனேன். 11வது கிலோமீட்டர்ல ஒரு இரும்பு கேட். பூட்டு. ரெண்டு பக்கமும் என் தலைக்கு மேல கம்பிவேலி, கண்ணுக்கெட்டுற தூரம் வரைக்கும். கேட்டுக்கு அந்தப் பக்கம் என் ட்ராக் ஜம்முன்னு நேரா போகுது, நான் இந்தப் பக்கம் நிக்கிறேன். அப்புறம் என்ன, திரும்பி வந்து லாரி போற மெயின் ரோட்டுலயே சுத்திக்கிட்டு போனேன், எந்த லாரிக்கு பயந்து இவ்ளோ தூரம் வந்தேனோ அதே லாரி.

இங்க வர்றவங்க பண்ற பெரிய தப்பு இதான், கார் வராத பாதைன்னா யாரு வேணா போலாம்னு நெனச்சிக்கிறது. சொலோன் காடுல பெரும்பகுதி தனியார் எஸ்டேட், வேட்டைக்குன்னே வச்சிருக்கறது. அதுக்குள்ள போற பாதையில கார் வராம இருக்கறதுக்கு காரணமே அது இன்னொருத்தர் சொத்துங்கறதுதான். ஷெமின் ரூரால்னு சொல்ற ஊராட்சிப் பாதை மட்டும் வேற, அது கம்யூனுக்கு, அதாவது ஊராட்சிக்கு சொந்தம், நடந்து போறவன் சைக்கிள்காரன் குதிரைக்காரன் எல்லாரும் போலாம். பிரச்சனை என்னன்னா தரையில ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். இன்னும் சொல்லப்போனா தனியார் பாதைதான் பாக்க அழகா இருக்கும், ஸ்கேல் வச்சு போட்ட மாதிரி நேரா, வெள்ளை ஜல்லி கொட்டி, ரெண்டு ஓரமும் புல்லு வெட்டி. ஊராட்சிப் பாதை பாதிக்கு மேல முழங்கால் உயரப் புல்லுதான். அதனால ரோடு ரொம்ப நல்லா இருந்தா சந்தோஷப்படாதீங்க, சந்தேகப்படுங்க.

2023 பிப்ரவரி 2ல ஒரு சட்டம் வந்துச்சு. காட்டுல இருக்கற வேலி 1.20 மீட்டருக்கு மேல இருக்கக்கூடாது, கீழ தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் இடம் விடணும், மானும் பன்னியும் தடையில்லாம போய் வரட்டும்னு. கேக்க நல்லா இருக்கா, அதே சட்டத்துலதான் தனியார்னு தெளிவா போர்டு வச்ச காட்டுக்குள்ள நுழைஞ்சா அபராதம்னும் போட்டுட்டாங்க, 135 யூரோ. அதாவது பன்னிக்கு வழி தொறந்துச்சு, நமக்கு மூடிக்கிச்சு. வேலி தாழ்ந்துடுச்சே, சைக்கிள தூக்கி அந்தப் பக்கம் வச்சுட்டு தாண்டிடலாம்னு நெனைக்கிறவங்க இத ஞாபகம் வச்சுக்கங்க. 'ப்ரொப்ரியெத்தே ப்ரிவே', அதாவது தனியார் சொத்துன்னு போர்டு இருந்தா அவ்ளோதான், திரும்புங்க.

ஆப்பு தானா போடுற ரூட்ட நம்பாதீங்க, அதுக்கு பாதை இருக்கான்னுதான் தெரியும், யாருதுன்னு தெரியாது. எந்தப் பாதைல நெறைய பேர் ஓட்டியிருக்காங்கன்னு காட்டற ஹீட்மேப்ல செவப்பா கோடு இருக்கே, நெறைய பேர் போயிருக்காங்களேன்னும் நம்பாதீங்க, எஸ்டேட்டுக்காரங்களே ஓடியிருக்கலாம், இல்ல கேட் போடறதுக்கு முன்னாடி போனவங்களா இருக்கலாம். நான் பண்றது என்னன்னா, பிரான்ஸ் அரசாங்கத்தோட மேப் சைட்ல ஐஜிஎன் (அரசு நில அளவை அமைப்பு) மேப்ப தொறந்து அது மேல நிலப் பட்டா மேப்ப ஏத்திப்பேன், ரெண்டுமே இலவசம்தான். அதுல ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு நம்பர் இருக்கும். நம்பர் எதுவும் இல்லாம ரெண்டு கோட்டுக்கு நடுவுல வெறும் சந்து மாதிரி ஓடுச்சுன்னா அது பெரும்பாலும் பொதுப் பாதை. நம்பர் போட்ட நிலத்துக்குள்ள பூந்து போச்சுன்னா அது பெரும்பாலும் ஒருத்தரோடது. ஒரு ரூட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும், போர் அடிக்கும், ஆனா 11வது கிலோமீட்டர்ல நிக்கிறதவிட இது தேவல.

அரசாங்கக் காடுன்னா இந்தத் தலைவலி இல்ல. ஷாம்போர் பக்கத்துல பூலோன் காடு இருக்கு, அங்க பாதை மறிச்சு கட்டை போட்டிருந்தா பொதுவா அது வண்டிக்குத்தான், சைக்கிள் தடைன்னு தனியா போர்டு இல்லன்னா சுத்திப் போலாம். ஆனா ஷாம்போர் அரண்மனைத் தோட்டமும் அப்படித்தான்னு நெனச்சிராதீங்க, அது 32 கிலோமீட்டர் மதில் சுவருக்குள்ள 5,440 ஹெக்டேர், அதுல ஒரு பகுதிதான் நமக்கு.

அடுத்து வேட்டை. பொதுவா செப்டம்பர்ல ஆரம்பிச்சு பிப்ரவரி கடைசி வரைக்கும் சீசன். இலை பழுத்து காடே தங்கக் கலர்ல இருக்கறதும் அப்பதான், சேறு இல்லாம குளுகுளுன்னு ஓட்டறதுக்கு வசதியா இருக்கறதும் அப்பதான், எல்லாரும் அக்டோபர் சனி ஞாயிறுக்குதான் ப்ளான் போடுவாங்க, வேட்டைக்காரங்களுக்கும் அதே சனி ஞாயிறுதான் லீவு. ரோட்டோரமா 'ஷாஸ் ஆன் கூர்'னு முக்கோண போர்டு வச்சிருந்தா வேட்டை நடந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், அங்கங்க ஆரஞ்சு கோட்டு போட்ட ஆள் நிப்பாரு. பொதுப் பாதைதானே எனக்கு உரிமை இருக்குன்னு சட்டம் பேசிட்டு உள்ள போறது முட்டாள்தனம், ரைஃபிள் குண்டு கிலோமீட்டர் கணக்குல போகும், அதுக்கு பட்டா மேப் தெரியாது. பக்கத்துல நிக்கிறவர்கிட்ட போய் ஒரு 'போன்ஷூர்' சொல்லி, எந்தப் பக்கம் போலாம்னு கேளுங்க, கேட்டா நல்லாத்தான் வழி சொல்லுவாங்க. லீவு போட முடிஞ்சா வாரநாள்ல போங்க. கருப்பு ஜெர்சிய வீட்லயே வச்சிருங்க, பச்சை பிரவுன்லாம் வேணவே வேணாம்.

இப்ப மணல். சொலோன் மண்ணுன்னா மேல மணல், கீழ களிமண். கோடைல மணல் உங்கள கவுக்கும், மழைல களிமண் தண்ணிய உறிஞ்சாம அப்படியே நிறுத்தி வச்சுரும். பழைய காலத்துல இது பூரா சதுப்பு, மலேரியா காய்ச்சல், வறுமைன்னுதான் பேரு. பிரெஞ்சு பேரரசர் மூணாம் நெப்போலியன் இங்க லாமோத்-பவ்ரோன்ங்கற ஊர்ல எஸ்டேட் வாங்கி, தண்ணிய வடிய விட்டு, பைன் மரம் நட்டு, ஊரையே மாத்தினாரு. அதனால வெளிய காடு மாதிரி தெரியும், அடில இன்னும் பழைய சதுப்பு தான். ரோட்டு பைக்லருந்து வர்றவங்க 32 எம்எம் டயர்ல கல்லு மாதிரி காத்தடிச்சுட்டு வருவாங்க, முதல் மணல் திட்டுலயே முன் சக்கரம் கத்தி மாதிரி கீழ எறங்கி ஆள் ஹேண்டில்பார் மேல. குறைஞ்சது 40, முடிஞ்சா 45 எம்எம் ட்யூப்லெஸ், நான் 72 கிலோ, 30 பிஎஸ்ஐ சுத்தி வச்சிருக்கேன்.

டயர் மட்டும் போதாது. மணல் தூரத்துலயே தெரியும், கலர் வெளுத்திருக்கும், டயர் சத்தமும் கரகரன்னு இருந்தது சட்டுன்னு அமுங்கிப் போகும். அதுக்கு முன்னாடியே கியரக் குறைச்சுருங்க, உள்ள போனதுக்கப்புறம் மாத்தினா செயின் கத்தும். உடம்ப கொஞ்சம் பின்னாடி தள்ளி, கைய லூசா விட்டு, பெடல மட்டும் நிறுத்தாம மிதிங்க, முன் சக்கரம் லேசா அது இஷ்டத்துக்கு ஆடட்டும் விடுங்க. பயத்துல இறுக்கிப் பிடிச்சு பிரேக் போட்டீங்கன்னா விழறது உறுதி. பாதை நடுவுல இருக்கற புல்லு மேட்டுல ஏறி ஓட்டுங்க, வேர் பிடிச்சிருக்கற இடம் கெட்டியா இருக்கும். புல்லுலயும் ஒரு ஆபத்து இருக்கு, ஃபெர்ன் தண்டும் குச்சியும் பின்னாடி கியர் மாத்தற டெரைலர்ல சிக்கி, அத பிரேம்ல மாட்டியிருக்கற ஹேங்கர் வளைஞ்சுரும். ஒவ்வொரு பைக்குக்கும் ஹேங்கர் வேற வேற, கிராமத்துல யார்கிட்டயும் இருக்காது, ஒண்ணு வாங்கி சீட்டுப் பையில போட்டுக்கங்க.

இவ்ளோ யோசிக்க முடியாதுன்னா சோல்த்ர் கால்வாய் கரைய புடிங்க. 1848ல வெட்ட ஆரம்பிச்ச கால்வாய், இந்த மண்ணுக்கு உரமா போட சுண்ணாம்பு மண்ணு கொண்டு வர்றதுக்கு. 1926லயே படகு போக்குவரத்து நின்னு போச்சு, லாமோத்-பவ்ரோன்லருந்து ப்லான்காஃபோர் வரைக்கும் சுமார் 47 கிலோமீட்டர், பாதி இடம் புல்லுதான், வேகம் கிடைக்காது, ஆனா கேட் வந்து மறிக்காது.

சோத்து விஷயத்துல ஏமாறாதவங்களே கிடையாது. மேப்ல ஊர் இருக்கும், கடை இருக்காது. பேக்கரி இருந்தா மத்தியானம் மூடிருக்கும், ஞாயித்துக்கிழமை மதியத்துக்கு அப்புறம் ஈ காக்கா இருக்காது, திங்கக்கிழமையும் நெறைய ஊர்ல லீவுதான். கையில ரெண்டு சாண்ட்விச் இல்லாம காட்டுக்குள்ள எறங்காதீங்க. லாமோத்-பவ்ரோன் ஸ்டேஷனுக்கு எதிர்லதான் தாத்தான் அக்கா தங்கச்சியோட ஹோட்டல், தலைகீழா வேகற அந்த ஆப்பிள் தார்த் (பழம் வச்ச பேஸ்ட்ரி) பேரு வாங்கின இடம், சமையல்ல கைதவறிப் போய் உண்டானதுன்னு கதை சொல்லுவாங்க. அதச் சாப்பிட்டுட்டு ட்ரெயின விட்றாதீங்க, அடுத்தது சீக்கிரம் வராது.

தண்ணிக்கு ஒரு வழி, இங்க சைக்கிள்காரங்க எல்லாருக்கும் தெரிஞ்சது: இடுகாடு. ஊருக்கு ஊரு கல்லறை இருக்கும், உள்ள பூச்செடிக்குன்னு ஒரு குழாய் இருக்கும். முதல்ல எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்துச்சு, நம்ம வீட்ல சொன்னா குளிச்சிட்டு உள்ள வாம்பாங்க. 'நொன் பொத்தாப்ள்', அதாவது குடிக்க ஆகாதுன்னு எழுதியிருந்தா மட்டும் குடிக்காதீங்க. கேட்டை சாத்திட்டு வாங்க. குளத்துத் தண்ணி எவ்ளோ தெளிவா இருந்தாலும் வேணாம்.

தெக்க ப்ரென்ங்கற இன்னொரு குளத்துப் பகுதி பக்கம் போறவங்களுக்கு ஒண்ணு, அங்க மே கடைசிலருந்து ஜூலை வரைக்கும் குளத்து ஆமை முட்டை போட மணல் மேட்டத் தேடி கரையேறும். சாயங்காலம் பாதைல கல்லு மாதிரி ஏதாச்சும் தெரிஞ்சா சைக்கிளோட குதிச்சுத் தாண்டாதீங்க, நிறுத்திப் பாருங்க.

கடைசியா உண்ணி. புல்லு மேட்டுல ஓட்டச் சொன்னேன்ல, அங்கதான் அது காத்துக்கிட்டு இருக்கும். ராத்திரி குளிக்கும்போது முழங்கால் பின்பக்கம், இடுப்பு, அக்குள், சாக்ஸ் ஓரம் எல்லாம் தடவிப் பாருங்க, எள்ளு சைஸ்லதான் இருக்கும், மச்சம்னு விட்ருவோம். எண்ணெய் ஊத்தறது, தீக்குச்சி காட்டறதெல்லாம் வேணாம். ஃபார்மஸில 'தீர்-திக்'னு கேட்டா சின்ன பிளாஸ்டிக் கொக்கி குடுப்பாங்க, தோலோட ஒட்டி உண்ணிக்கு அடியில விட்டு மெதுவா திருகினா முழுசா வந்துரும். கடிச்ச தேதிய போன்ல குறிச்சு வச்சுட்டு ஒரு மாசம் அந்த இடத்தைப் பாருங்க, செவப்பு வட்டம் பெருசாகிக்கிட்டே போச்சுன்னா டாக்டர்கிட்ட போங்க, உண்ணிக் கடியால வர்ற லைம் நோயா இருக்கலாம்.