ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு டர்ன், ஸ்பின், ரோல், ட்விஸ்ட் பழகுவது எப்படி?

தமிழில் ‘சுற்று’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு விசிறி சுற்றுகிறது, ஊர் சுற்றுகிறான், தலை சுற்றுகிறது என்று எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் அப்படி முடியாது. அசைவு எப்படிப்பட்டது என்று பார்த்துத்தான் அந்த மொழி சொல்லைத் தேர்ந்தெடுக்கிறது. இந்தச் சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்தால் பேசும் நேரத்தில் ஒன்றும் நினைவுக்கு வராது. கையால் செய்து பழகினால் நிற்கும். மூடியுள்ள காலி பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: திருப்புங்கள் (டர்ன்)

பாட்டிலின் லேபிள் மறுபக்கம் இருக்கட்டும். அது உங்களைப் பார்க்கும்படி பாட்டிலைத் திருப்புங்கள். இதுதான் டர்ன். முழுச் சுற்று தேவையில்லை. இருந்த திசை மாறினால் போதும். புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவது, பூட்டில் சாவியைத் திருப்புவது, தெருமுனையில் இடப்பக்கம் திரும்புவது எல்லாவற்றுக்கும் டர்ன்தான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தமிழில் திரும்பு, திருப்பு என்று இரண்டு வினைகள் இருக்கின்றன. சுழல், சுழற்று, உருள், உருட்டு என்பவையும் அப்படியே. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். ‘ஐ டர்ண்டு’ என்றால் நான் திரும்பினேன்; ‘ஐ டர்ண்டு த கீ’ என்றால் சாவியைத் திருப்பினேன். ‘திருப்பு’ என்பதற்குத் தனிச்சொல் தேடி ‘மேக்’ போன்ற சொற்களைச் சேர்க்க வேண்டியதில்லை.

படி 2: சுண்டிவிடுங்கள் (ஸ்பின்)

பாட்டிலை வழுவழுப்பான தரையில் படுக்க வைத்து, நடுவில் பிடித்துச் சுண்டுங்கள். கையை எடுத்த பிறகும் அது இருந்த இடத்திலேயே வேகமாகச் சுழல்கிறது அல்லவா? அதுதான் ஸ்பின். இறந்தகாலத்தில் ‘ஸ்பன்’ என்றுதான் வரும்; ‘ஸ்பின்டு’ என்று ஒரு சொல் இல்லை. துணி துவைக்கும் இயந்திரம் கடைசியில் தண்ணீரை உதறித் தள்ளச் சுழலும் கட்டத்தின் பெயரும் ஸ்பின்தான்.

டர்னுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கார் நன்றாகக் காட்டும். கார் ‘டர்ண்டு’ என்றால் ஓட்டுநர் திருப்பினார். ஈரச் சாலையில் கார் ‘ஸ்பன்’ என்றால் அவர் கையை மீறிச் சுழன்றுவிட்டது. சொல்லை மாற்றிப் போட்டால் கேட்பவர் பதறிவிடுவார்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இன்னும் எளிது. பந்துவீச்சாளரின் விரலோ மணிக்கட்டோ பந்துக்குக் கொடுப்பது ஸ்பின். தரையில் பட்டபின் பந்து திசை மாறுவது டர்ன். 1993இல் இங்கிலாந்தின் ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தில் ஆஸ்திரேலியச் சுழற்பந்து வீச்சாளர் ஷேன் வார்ன், இங்கிலாந்து மட்டையாளர் மைக் கேட்டிங்குக்கு வீசிய பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்து ஆஃப் ஸ்டம்பைத் தாக்கியது. காற்றில் அது சுழன்று வந்தது ஸ்பின். விழுந்தபின் அத்தனை அகலம் விலகியது டர்ன். ஆடுகளம் உதவாவிட்டால் ஸ்பின் இருந்தும் டர்ன் இல்லாமல் போகலாம்.

படி 3: உருட்டுங்கள், முறுக்குங்கள் (ரோல், ட்விஸ்ட்)

பாட்டிலைத் தரையில் தள்ளிவிட்டால் உருண்டு போகும்: ரோல். இதில் குழப்பம் வராது. பாயைச் சுருட்டுவதும், சட்டைக் கையை மடித்து ஏற்றுவதும்கூட ரோல்தான்.

இப்போது ஒரு கையால் பாட்டிலைப் பிடித்து, மறு கையால் மூடியைத் திருகுங்கள். ஒரு முனை நிற்க மறு முனை சுழல்வது, அல்லது இரு முனைகளும் எதிரெதிராகச் சுழல்வது, ட்விஸ்ட். ஈரத்துணியை முறுக்குவதும், கணுக்கால் பிசகுவதும் இதே சொல். கதையில் எதிர்பாராமல் வரும் திருப்பத்தை நாமும் ட்விஸ்ட் என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

படி 4: தன்னைத் தானேயா, இன்னொன்றையா? (ரொட்டேட், ரிவால்வ்)

பாட்டிலை மேசை நடுவில் நிறுத்தி, இருந்த இடத்திலேயே மெல்லச் சுழற்றினால் ரொட்டேட். மூடியைக் கழற்றி, அதைப் பாட்டிலைச் சுற்றி வட்டமாக நகர்த்தினால் ரிவால்வ். பூமி தன்னைத் தானே ரொட்டேட் ஆவதற்கு ஏறத்தாழ 23 மணி 56 நிமிடம்; சூரியனைச் சுற்றி ரிவால்வ் ஆவதற்கு ஏறத்தாழ 365¼ நாள்.

அறிவியல் பாடத்தில் இந்த எல்லை தெளிவானது. அன்றாடப் பேச்சில் அவ்வளவு கறார் இல்லை. ஓட்டல் வாசலில் உள்ள சுழல் கதவு தன் அச்சில்தான் சுழல்கிறது, ஆனாலும் அதன் பெயர் ரிவால்விங் டோர். இவற்றை விதிவிலக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

ரொட்டேட் என்பதற்கு ‘முறை மாற்றி மாற்றி’ என்ற பொருளும் உண்டு. டயர் ரொட்டேஷன் என்றால் முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போடுவது. பகல், இரவு என்று மாறி வரும் வேலைநேரமும் ரொட்டேட்டிங் ஷிஃப்ட்தான்.

படி 5: பாட்டிலை வைத்துவிட்டுப் பேச்சுக்கு வாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கையில் செய்த அசைவு, பேச்சிலும் அதே குணத்தோடு வருகிறது.

டர்ன் என்றால் திசை மாற்றம் என்று பார்த்தோம். நிலை மாறுவதும் டர்ன்தான். இலை மஞ்சளானால் ‘டர்ண்டு யெல்லோ’, ஒருவருக்கு முப்பது வயது நிறைந்தால் ‘டர்ண்டு தர்ட்டி’. வரிசையில் நம் முறை வந்தால் ‘மை டர்ன்’. ‘டர்ன் டவுன்’ மட்டும் சற்று எச்சரிக்கையோடு பழக வேண்டியது: வானொலியை டர்ன் டவுன் செய்தால் ஒலியைக் குறைக்கிறோம், வேலைவாய்ப்பை டர்ன் டவுன் செய்தால் வேண்டாமென்று மறுக்கிறோம். பின்னால் வரும் பெயர்ச்சொல்லைப் பார்த்தே பொருள் கொள்ளுங்கள்.

ஸ்பின் என்ற சொல் முதலில் நூல் நூற்பதைக் குறித்தது. இன்றும் சிலந்தி வலை பின்னுவதை ஸ்பின் என்கிறார்கள். ‘ஸ்பின் எ யார்ன்’ என்றால் நீட்டி முழக்கிக் கதை அளப்பது; நாம் ‘கயிறு திரிக்கிறான்’ என்று சொல்வதற்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, பாருங்கள். அரசியல் செய்தியைத் தமக்குச் சாதகமாகத் திரித்துச் சொல்வதும் ஸ்பின்தான்.

ரிவால்வ்: உலகமே தன்னைச் சுற்றித்தான் இயங்குகிறது என்று நினைப்பவரைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல் வரும். அங்கே ரொட்டேட் பொருந்தாது.

படி 6: சோதித்துப் பாருங்கள்

எந்தச் சொல் வரும்? (அ) நிலா பூமியைச் சுற்றுகிறது. (ஆ) கைநழுவிய நாணயம் கட்டிலுக்கடியில் ஓடிவிட்டது. (இ) நாணயத்தை மேசைமேல் நிறுத்திச் சுண்டுகிறீர்கள். (ஈ) இறுகிய ஜாடி மூடியைத் திறக்கிறீர்கள். (உ) யாரோ அழைக்க, பின்னால் திரும்புகிறீர்கள்.

விடைகள்: ரிவால்வ், ரோல், ஸ்பின், ட்விஸ்ட், டர்ன். நான்காவதற்கு டர்ன் என்று எழுதியிருந்தாலும் தவறில்லை. ஆனால் மூடி இறுகியிருக்கிறது, பலம் கொடுத்துத் திருக வேண்டும் என்பதை ட்விஸ்ட் கூடுதலாகச் சொல்கிறது. ஐந்தாவதில் உடல் முழுவதும் திரும்பினால் ‘டர்ன் அரவுண்ட்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள்.