ஆஸ்பத்திரியில் கூடத் தங்கப் போகிறீர்களா? முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

அக்காவுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து கீமோவுக்காகச் சேர்த்த அன்று நான் பையில் எடுத்து வைத்தது இரண்டு போர்வை, சார்ஜர், நாலு சட்டை, அப்புறம் அவள் படிப்பாளே என்று ஏழெட்டுப் புத்தகங்கள். அந்தப் புத்தகங்களில் ஒன்றைக்கூட அவள் தொடவில்லை. நிஜமாகத் தேவைப்பட்டது ஒரு நோட்டும் பேனாவும்தான். அதை மூன்றாம் நாள்தான் வாங்கினேன், அதற்குள் டாக்டர் சொன்னதில் பாதி மறந்துவிட்டது.

கூட இருப்பவரின் வேலை தைரியம் சொல்வது என்று நினைத்துக்கொண்டுதான் எல்லோரும் போகிறோம். அதெல்லாம் அப்புறம். நர்ஸ் ஷிப்டுக்கு ஒருவர் மாறுவார், டாக்டர் ரவுண்ட்ஸில் ஐந்து நிமிஷம் நிற்பார். நேற்று எப்படி இருந்தார், இன்று எப்படி இருக்கிறார் என்று இடைவிடாமல் பார்ப்பது நீங்கள் மட்டும்தான். பார்த்ததை எழுதி வைப்பதும், ஏதாவது மாறினால் உடனே சொல்வதும்தான் உங்கள் வேலை.

நோட்டில் என்ன எழுதுவது? இடது பக்கத்தில் நடந்தவை: காய்ச்சல் எத்தனை, எத்தனை மணிக்கு, எவ்வளவு தண்ணீர் குடித்தார், சிறுநீர் எத்தனை மில்லி, மலம் போனதா, வாந்தி எடுத்தாரா, எந்த மருந்து எப்போது ஏறியது. வலி இருந்தால் பத்துக்கு எத்தனை என்று அவரையே கேட்டு ஒரு எண். வலது பக்கம் முழுக்கக் கேள்விகளுக்கு. ராத்திரி தோன்றுகிற கேள்வி காலையில் டாக்டரைப் பார்த்ததும் பறந்துவிடும், அதனால் தோன்றும்போதே எழுதுங்கள். ரவுண்ட்ஸில் இரண்டு மூன்று கேள்விக்கு மேல் கேட்க நேரம் இருக்காது, எது முக்கியம் என்று முன்னாலேயே வட்டம் போட்டு வையுங்கள்.

அக்காவுக்கு வந்தது அக்யூட் மைலாய்டு வகை. அதற்கு வழக்கமான முதல் சுற்று ஏழு நாள் சைட்டராபின் விடாமல் ஏறும், அதில் மூன்று நாள் கூடவே டானோரூபிசின் மாதிரி இன்னொரு மருந்து. அந்த இரண்டாவது மருந்து செக்கச் சிவப்பாக இருக்கும், ஏறின ஒன்றிரண்டு நாள் சிறுநீரும் சிவந்து போகும். எனக்கு யாரோ சொல்லியிருந்தார்கள், நான்தான் காதில் வாங்கவில்லை போல, பாத்திரத்தைப் பார்த்துவிட்டு ரத்தம் என்று ஓடினேன். அது மருந்தின் நிறம். இரண்டு நாளைத் தாண்டியும் சிவப்பு நிற்கவில்லை என்றால் மட்டும் சொல்லுங்கள். ஏழு நாளில் மருந்து முடிந்துவிடுகிறதே என்று கிளம்பத் தயாராகிவிடாதீர்கள், ஆஸ்பத்திரியில் இருப்பது பெரும்பாலும் நாலு முதல் ஆறு வாரம். மிச்ச நாளெல்லாம் ரத்த அணுக்கள் அடிமட்டத்துக்கு விழுந்து, மறுபடி எழுவதற்கான காத்திருப்பு. ஆபத்தும் அந்த நாட்களில்தான்.

அப்போது வார்டில் எல்லோர் வாயிலும் ஒரே வார்த்தை, கவுண்ட், அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கை. நியூட்ரோபில் என்ற வெள்ளணு சாதாரணமாக 1,500-க்கு மேல் இருக்கும், 500-க்குக் கீழே போனால் கிருமியை எதிர்க்க உடம்பில் ஆள் இல்லை என்று அர்த்தம். ரத்தம் உறைய உதவுகிற பிளேட்லெட் சாதாரணமாக ஒன்றரை லட்சத்துக்கு மேல். அது 10,000-க்குக் கீழே போனால் ரத்தக்கசிவே இல்லாவிட்டாலும் பிளேட்லெட் ஏற்றுவது பொதுவான வழக்கம், ஆளைப் பொறுத்து டாக்டர் முன்னாலேயும் ஏற்றலாம். இந்த எண்களைத் தினமும் வாங்கி எழுதுங்கள். ஆனால் ஒரு நாள் எண்ணை வைத்துக்கொண்டு சந்தோஷமோ துக்கமோ படாதீர்கள், ஒரு வாரத்துக்கு எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான் அது.

இப்போது காய்ச்சல். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். கவுண்ட் இல்லாத ஆளுக்குச் சீழ் பிடிக்காது, வீக்கம் சிவப்பு எல்லாம் சரியாகத் தெரியாது, தொற்று வந்திருக்கிறது என்பதற்குப் பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், அதைத் தொட்டாலே நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். ரத்தம் எடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கிற கல்ச்சர் சோதனைக்கு அனுப்பிவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற்ற வேண்டும் என்பதுதான் கணக்கு. நீங்களாகப் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், காய்ச்சலை அது மறைத்துவிடும், உள்ளே இருக்கிற தொற்று அப்படியே இருக்கும்.

எங்களுக்கு அது பன்னிரண்டாம் நாள் ராத்திரி வந்தது. இரண்டே முக்கால் மணி இருக்கும், ஏதோ டக் டக் டக் என்று சத்தம் கேட்டு விழித்தேன். கட்டில் கம்பியில் மாட்டியிருந்த அழைப்பு மணியின் பிளாஸ்டிக் கம்பியில் இடிக்கிற சத்தம், கட்டிலே ஆடிக்கொண்டிருந்தது. "குளிருதாக்கா?" என்றால் பல் கிட்டிக்கொண்டு "இல்லடா, நீ தூங்கு" என்கிறாள். தெர்மாமீட்டர் 37.4 தான் காட்டியது. காய்ச்சல் இல்லையே, எதற்கு நர்ஸை எழுப்ப வேண்டும் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், அந்த ஒரு நிமிஷத்தை இப்போது நினைத்தாலும் என்னவோ செய்கிறது. மணியை அழுத்தினேன். அரை மணியில் 38.9. நடுக்கம் முதலில் வரும், காய்ச்சல் பின்னால் வரும். அதனால் எண்ணுக்காகக் காத்திருக்காதீர்கள். அதிலும் சென்ட்ரல் லைனில், அதாவது பெரிய ரத்தக்குழாய்க்குள் போட்டு வைத்திருக்கிற மெல்லிய குழாயில், மருந்தோ சலைனோ ஏற்றிய கொஞ்ச நேரத்தில் நடுக்கம் வந்தால் அந்த விவரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள், லைனிலேயே கிருமி உட்கார்ந்திருக்கலாம்.

கை கழுவுவதைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், யாரும் ஒழுங்காகச் செய்வதில்லை. சோப்புப் போட்டு இருபது விநாடி. உள்ளே வருகிற யாராக இருந்தாலும், டாக்டராகவே இருந்தாலும், கை கழுவினீர்களா என்று கேட்கலாம், தப்பே இல்லை. உங்கள் போனையும் துடையுங்கள், கழுவின கையால் முதலில் எடுப்பது அதைத்தானே. உங்களுக்கே சளி, தொண்டை கரகரப்பு என்றால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு வேறு ஆளை அனுப்புங்கள்.

பிளேட்லெட் குறைந்த நாட்களில் விழுவதுதான் பெரிய பயம். சலைன் ஏறிக்கொண்டே இருப்பதால் ராத்திரி நாலு தடவை பாத்ரூம் போக வேண்டியிருக்கும், தூக்கக் கலக்கத்தில் ஸ்டாண்டின் ஒயர் காலில் சுற்றும். எழுப்பி ஒரு நிமிஷம் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, ஒயரைப் பிரித்து, அப்புறம் கூடப் போங்கள். விழுந்துவிட்டால் காயம் இல்லாவிட்டாலும் சொல்ல வேண்டும், தலையில் அடி என்றால் அந்த நிமிஷமே. புதிதாக வருகிற கடும் தலைவலி, கறுப்பாக மலம், தோலில் சிவப்புப் புள்ளிகள், இவையும் அப்படித்தான். ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் மாதிரி மாத்திரைகள் கேட்காமல் கூடாது. யாரோ கொடுத்த மூலிகைப் பொடியும் கூடாது.

வாய்ப்புண் பெரும்பாலும் கீமோ தொடங்கி ஒரு வாரத்தை ஒட்டி வரும், எச்சில் விழுங்கவே அழுவார்கள். மிக மென்மையான பிரஷ், ஆல்கஹால் இல்லாத கொப்பளிப்பு, உப்போ சமையல் சோடாவோ கலந்த வெதுவெதுப்பான தண்ணீர், இவ்வளவுதான் நாம் செய்யக்கூடியது. வலி மருந்தைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள், பெரிய வித்தியாசம் தெரியும். மற்றபடி "கொஞ்சமாவது சாப்பிடு" என்று சொல்வதை நிறுத்துங்கள். நாங்கள் மூன்று பேர் மாறி மாறி அன்பாகச் சொன்னோம், ஒரு நாள் அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு இரண்டு வாய் சாப்பிடுகிற அளவை மட்டும் கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன், சில நாள் அது காலியானது. சாப்பிட்டது எவ்வளவு என்று நோட்டில் இருந்தால் போதும், குறைந்துகொண்டே போனால் வேறு வழி பார்க்க டாக்டருக்கும் உணவு ஆலோசகருக்கும் தெரியும்.

கீமோ ஏறிய பிறகு குறைந்தது 48 மணி நேரம் சிறுநீர், வாந்தி எல்லாவற்றிலும் மருந்து இருக்கும். பாத்திரத்தைக் கையுறை போட்டுத்தான் எடுக்க வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்கள் அந்த வேலைக்கே போக வேண்டாம்.

குழப்பமாகப் பேசினால், இடம் நாள் தெரியவில்லை என்றால், "பாவம், மனசு சரியில்லை" என்று விட்டுவிடாதீர்கள். ஸ்டீராய்டு கொடுக்கிற சிகிச்சையில் தூக்கம் கெட்டு எரிந்து விழுவது சகஜம். ஆனால் திடீர்க் குழப்பத்துக்குத் தொற்று, ரத்தத்தில் உப்பு குறைவு, மருந்து என்று காரணம் இருக்கும். அடுத்த சுற்றில் அக்காவுக்குச் சைட்டராபினை அதிக அளவில் கொடுத்தபோது ஒவ்வொரு டோஸுக்கும் முன்னால் நர்ஸ் அவளைக் கையெழுத்துப் போடச் சொன்னார். அந்த அளவில் அது சிறுமூளையைத் தொடலாம், தொட்டால் எழுத்து கோணும், நடை தள்ளாடும். கையெழுத்தெல்லாம் நம் நோட்டிலேயே வரிசையாக இருக்கிறது, ஒன்றில் மட்டும் கிண்டலுக்கு என் பெயரைப் போட்டிருக்கிறாள்.

அவர் விஷயத்தை அவருக்குத் தெரியாமல் காரிடாரில் டாக்டரிடம் பேசாதீர்கள். கண்ணாடிக் கதவு வழியாக உங்கள் முகம் தெரியும், நீங்கள் கேட்டதைவிடப் பயங்கரமாக அவர் கற்பனை செய்துகொள்வார். எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம், யாருக்கெல்லாம் சொல்லலாம் என்று அவரையே கேட்டுவிடுங்கள். சொந்தக்காரர்களுக்குச் சேதி சொல்ல ஒரே ஆள், ஒரு நாளைக்கு ஒரே மெசேஜ். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்கிறவர்களிடம் கூச்சப்படாமல் ஒரு வேலையைக் கொடுங்கள், துணி துவைத்து வருவது, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது, இப்படி.

உங்களுக்கும் தூக்கம் வேண்டும். தொடர்ந்து இரண்டு ராத்திரிக்கு மேல் ஒருவரே தங்காதீர்கள், மூன்றாம் நாள் நீங்கள் பார்ப்பது எதுவும் மண்டையில் ஏறாது. ஆள் மாறும்போது நோட்டைக் கையில் கொடுத்தால் போதும். மாற்ற ஆளே இல்லை என்றால் எந்த நேரம் போய்த் தூங்கிவிட்டு வரலாம் என்று நர்ஸையே கேளுங்கள், ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளர் இருந்தால் அவரையும் பாருங்கள். சில நேரம் நோயாளிக்கே நீங்கள் போனால் தேவலை என்றிருக்கும். "கொஞ்ச நேரம் வெளியில போயிட்டு வாடா, ப்ளீஸ்" என்று அக்கா சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. அவள் ஆற அமர அழ வேண்டியிருந்தது, என் முன்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு அனுப்புகிற நாளில் எல்லோரும் அவசரத்தில் இருப்பார்கள். எத்தனை டிகிரியில் கூப்பிட வேண்டும், ராத்திரி எந்த எண்ணுக்கு, லைனை யார் எப்போது சுத்தம் செய்வது, எந்த மாத்திரை நிற்கிறது எது தொடர்கிறது, அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது, இந்த ஐந்துக்கும் பதிலை எழுதி வாங்காமல் கட்டிலைக் காலி செய்யாதீர்கள். அப்புறம் தலையணைக்கு அடியில் ஒரு தடவை பாருங்கள். நான் நோட்டை அங்கேயே விட்டுவிட்டு லிஃப்ட் வரைக்கும் போய்விட்டேன். அக்காதான், "டேய், நம்ம நோட்டு எங்கடா?" என்றாள்.