டொர்னாடோ எச்சரிக்கை வந்த பிறகு செய்யக் கூடாதவை

2011 மே 22 அன்று அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள ஜாப்ளினில் டொர்னாடோ எனும் கடும் சுழல்காற்றுக்கான எச்சரிக்கை சைரன் ஒலித்தபோது பலர் உடனே பதுங்கவில்லை. வெளியே எட்டிப் பார்த்தார்கள், டிவியைப் போட்டார்கள், உறுதியாகத் தெரியட்டும் என்று காத்திருந்தார்கள். மழைத் திரை மறைத்ததால் சுழல் பலர் கண்ணுக்குப் படவே இல்லை. 158 பேர் இறந்தார்கள். கண்ணால் பார்த்துவிட்டு ஒளியலாம் என்ற நினைப்புதான் எல்லாத் தவறுகளிலும் கொடியது.

அமெரிக்க வானிலை எச்சரிக்கை இரண்டு வகை. ‘வாட்ச்’ என்றால் டொர்னாடோ உருவாகும் சூழல் இருக்கிறது. ஷூ, ஹெல்மெட், டார்ச், போன் எல்லாவற்றையும் அப்போதே பதுங்கும் இடத்தில் வைத்துவிட வேண்டும். ‘வார்னிங்’ என்றால் டொர்னாடோ கண்ணிலோ ரேடாரிலோ தெரிந்துவிட்டது. அது வந்தால் அந்த நொடியே உள்ளே போக வேண்டும். கையில் இருப்பது பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிடம்தான், சில நேரம் அதுவும் இருக்காது. சைரன் வெளியில் இருப்பவர்களுக்கானது. தூங்குகிறவரை அது எழுப்பும் என்று நம்பக் கூடாது. பேட்டரியில் ஓடும் வானிலை ரேடியோ படுக்கையருகே இருக்கட்டும்.

ஜன்னலைத் திறந்தால் அழுத்தம் சமமாகி வீடு தப்பும் என்பது பழைய, தவறான நம்பிக்கை. வீட்டை உடைப்பது காற்றின் வேகமும் அது வீசியடிக்கும் மரத்துண்டு, ஓடு, கண்ணாடியும்தான். திறந்த ஜன்னல் காற்றுக்கு வழிவிடும். உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும். புறநகர் வீடுகளில் இதற்கு முதலில் வழிவிடுவது அகலமான கராஜ் கதவு. அது உள்வாங்கினால் அடுத்துக் கூரையும் சுவர்களும் போகலாம். கராஜில் பதுங்கவே கூடாது.

பேஸ்மென்ட்டின் (வீட்டுக்கு அடியில் உள்ள நிலவறையின்) தென்மேற்கு மூலை பாதுகாப்பானது என்பதும் பொய். மேல்தளத்தில் ஃபிரிட்ஜ், பியானோ போன்ற கனமான பொருள் இருக்கும் இடத்துக்கு நேர் கீழே இல்லாமல், உறுதியான மேசைக்கு அடியில் இருங்கள். பேஸ்மென்ட் இல்லையா? கீழ்த்தளத்தின் நடுவில் ஜன்னலில்லாத குளியலறையோ அலமாரி அறையோ போதும். முகத்தைத் தாழ்த்திக் குந்தி, கைகளால் பின்கழுத்தை மூடி, மேலே மெத்தையை இழுத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் ஹெல்மெட்கூடத் தலையைக் காக்கும். மொபைல் ஹோமில் (இடம் மாற்றக்கூடிய இலேசான வீட்டில்) வசிப்பவர்கள் ‘வாட்ச்’ நேரத்திலேயே கிளம்பி உறுதியான கட்டடத்துக்குப் போய்விட வேண்டும்.

காரில் தப்பிக்கலாம் என்று நெரிசலில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோ டொர்னாடோ பலிகொண்ட எட்டுப் பேரும் வாகனங்களில் இருந்தவர்கள். மேம்பாலத்தின் அடியும் அடைக்கலம் அல்ல: சரிவில் ஏற ஏறக் காற்று வலுக்கும், குறுகிய இடுக்கில் இன்னும் வேகமெடுக்கும், இடிபாடுகள் நேராக உடம்பில் பாயும். 1999 மே 3 அன்று அதே மாநிலத்தில் மேம்பாலங்களின் கீழ் ஒதுங்கிய மூவர் உயிரிழந்தார்கள்.

ஓய்ந்த பிறகு மெழுகுவத்தி, லைட்டர் எதையும் பற்றவைக்காதீர்கள். உடைந்த குழாயிலிருந்து கேஸ் கசிந்துகொண்டிருக்கலாம். அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இருப்பதாகவே நினையுங்கள். ஜெனரேட்டரை கராஜுக்குள் ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் பரவும். வெளியே, கதவு ஜன்னல்களிலிருந்து 6 மீட்டராவது தள்ளி, புகைபோக்கியை வீட்டுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வையுங்கள்.